யாழினிக்கு ஒரு கூறு

அந்தக் கல்லில் உட்காராதீர்கள் தம்பி. கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த வேப்பமரத்தடியில் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள், தூண்டில் போடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்தக் கல் வரிசை மட்டும் பிள்ளைகளுடையது. பாருங்கள், ஒவ்வொரு கல்லிலும் ஒரு தூண்டில் சாத்தி வைத்திருக்கிறேன். ஐந்து பேர். வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஊருக்குப் புதிதா? அதுதான் முகம் பழக்கமில்லையே என்று பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், இனி மீன் ஏது என்று டீக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நிறுத்தினால்தான் மீன். ஓடுகிற தண்ணீரில் திரிந்ததெல்லாம், வற்ற வற்ற, இந்தப் பாலத்தடி மடுவுக்குத்தான் வந்தாக வேண்டும். வேறு போக்கிடம் அதற்கு இல்லை. வருஷா வருஷம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எங்கள் குடும்பம் மொத்தமும் இங்கேதான். என் தம்பி வேலுச்சாமி, அவன் பேரப்பிள்ளைகள் மூன்று பேர், என் மகள் தனம், அவள் பிள்ளைகள் இரண்டு பேர். என் வீட்டுக்காரி பாவாயி புளிச்சாதம் கட்டிக்கொண்டு வருவாள். ராத்திரி பெரிய குண்டாவில் கிளறினாள். அவ்வளவு சாதம் யாருக்கு? எனக்கு ஒருத்தனுக்கா?

எனக்குத் தனியாக இந்தச் சின்னத் தூக்குப்போசியில் கட்டிக் கொடுத்துவிட்டாள். பசி தாங்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

இந்தத் தக்கைகளைப் பாருங்கள். மீன் கடித்தால் முங்குமே, அந்தத் தக்கை. எல்லாம் ரப்பர் செருப்பை அறுத்துச் செய்தது. நீலம் நான்கும் என் பழைய செருப்பு. ரோஸ் நிறத்தில் ஒன்று இருக்கிறது பார்த்தீர்களா, அது பழசு இல்லை. சந்தையில் குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்து அறுத்தேன். பாவாயி வாசலில் நின்றுகொண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, புதுச் செருப்பப் போயி அறுக்கறீங்களே! அதை அப்படியே எடுத்துட்டுப் போயிக் குடுத்தாப் புள்ள கால்ல போட்டுக்குமில்லீங்க?"

"செருப்பு யார் வேணாலும் வாங்கிக் குடுப்பாங்க. தக்கை எவன் செஞ்சு குடுப்பான்?"

"ஆமா, ஆறு வயசுப் புள்ள தக்கை வேணும்னுதான் அழுதுட்டு இருக்குது."

அவளுக்கு எப்போதும் என்னைக் குத்த வேண்டும். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கித் தூக்கி இவளுக்குச் சோறு போட்டேன். ஒரு நாளாவது, நீங்கள் செய்தது சரி என்று சொல்லியிருப்பாளா?

அந்த ரோஸ் தக்கை யாழினிக்கு. தனத்தின் மகள். அந்தப் பிள்ளைக்கு மண்புழு என்றால் பயம். அதற்காகத்தான் பாருங்கள், இந்த இலையில் கேழ்வரகுக் களி உருண்டை பிடித்து வைத்திருக்கிறேன். முள்ளில் குத்தினால் புழு மாதிரியே நிற்கும், கெண்டையும் ஜிலேபி மீனும் பாய்ந்து வரும். புழுவைத் தொட வேண்டியதே இல்லை. நானே குத்தியும் கொடுத்துவிடுவேன். அவள் சும்மா குச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். இதைவிட ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

போன வருஷம் அந்தப் புழுவினால்தான் எல்லாம் வந்தது.

உங்கள் ஊரில் கூறு போடுகிற வழக்கம் உண்டா? எங்களிடம் உண்டு. பிடித்த மீனையெல்லாம் இலையில் கொட்டி, பெரிசு சிறிசு கலந்து, தூண்டில் பிடித்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை கூறாக வைப்பது. அதிகம் பிடித்தவனுக்கும் ஒரு கூறு, ஒன்றும் பிடிக்காதவனுக்கும் ஒரு கூறு. எல்லாம் ஒரே அளவு. அதற்கு மேலும் சந்தேகம் வரக்கூடாது என்று, இருப்பதிலேயே சின்னப் பிள்ளையை முதுகு காட்டித் திருப்பி நிற்க வைப்போம். ஒருத்தர் குச்சியால் ஒரு கூறைத் தொட்டு, 'இது யாருக்கு?' என்று கேட்பார். பிள்ளை பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்லும். அந்தக் கூறு அவருக்கு. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. கூறு வைப்பது எப்போதும் நான்தான். என் கை தராசு மாதிரி.

தூண்டில் பிடித்தவருக்குக் கூறு. பிடிக்காதவருக்கு இல்லை. இது நான் வைத்த சட்டம். ஏன் வைத்தேன் என்று ஒருத்தராவது கேட்டார்களா? என் அப்பா செத்த வருஷம், இதே மடுவில், நான் காலையிலிருந்து பொழுது சாயும் வரை தூண்டில் பிடித்தேன். வேலு அப்போது தொட்டிலில் கிடந்தான். பெரியவர்கள் கூறு வைத்தார்கள். நான் போசியை ஏந்திக்கொண்டு நின்றேன். "கூறு ஆம்பளைக்குத்தான்டா. உன்ற அப்பன் இருந்தா அவனுக்கு வெச்சிருப்போம். நீ ஏன் நிக்கறே?" என்றார் ஒருத்தர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் இந்தக் காதில் இருக்கிறது. காலிப் போசியோடு வீட்டுக்குப் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் தம்பி. அதனால்தான் என் கைக்குக் கூறு வைக்கிற வேலை வந்தபோது சட்டம் வைத்தேன். அப்பன் இருக்கிறானா, அந்தஸ்து இருக்கிறதா, ஒன்றும் கிடையாது. தூண்டில் பிடித்தாயா? எடுத்துக்கொள்.

நல்ல சட்டம்தானே?

போன வருஷம் யாழினி புழுவைப் பார்த்ததும் வீல் என்று கத்திவிட்டு ஓடிவிட்டாள். அதோ அந்த மேட்டில் உட்கார்ந்து நத்தை ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். கூப்பிடாமல் இல்லை. "கண்ணு, வந்து தூண்டிலப் புடி, இல்லாட்டிக் கூறு கெடையாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் நத்தை ஓட்டைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் கூறு வைத்தேன். இருப்பதிலேயே சின்னவள் அவள்தான். வேலு அவளைத் தூக்கிவந்து முதுகு காட்டி நிற்க வைத்தான். கையில் ஒரு சின்னத் தூக்குப்போசி. அவளுக்கு ஒரே சிரிப்பு.

"இது யாருக்கு?" என்றேன்.

"யாழினிக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "உனக்கு இல்ல கண்ணு, வேற பேரு சொல்லு."

"அண்ணனுக்கு."

கவின் வந்து எடுத்துக்கொண்டான். அடுத்ததைத் தொட்டு, "இது யாருக்கு?" என்றேன். மறுபடியும், "யாழினிக்கு!" வேறு சொல்லு என்றேன். சொன்னாள். அதற்கடுத்ததற்கும் முதலில், "யாழினிக்கு!" அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். கடைசி வரை அப்படியே. எல்லாக் கூறும் போனபின் திரும்பிப் பார்த்தாள். இலை காலியாக இருந்தது.

"என்ற கூறு எங்கீங்க அப்புச்சி?" என்றாள்.

நான் என்ன சொல்வது? சட்டத்தைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. போசியை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்போது வேலு குறுக்கே விழுந்தான். தன் கூறை அள்ளி அவள் போசியில் போட்டான்.

"டேய், எடுடா அதை."

"அண்ணா, கொழந்தைங்கண்ணா! ஒரு கை மீனுக்கு இத்தன சட்டமா?"

"இன்னிக்கு இவளுக்கு உட்டா, நாளைக்கு எவனும் தூண்டில் புடிக்க மாட்டான்."

அவன் எடுக்கவில்லை. அதனால் நான் எடுத்தேன். போசியை அவள் கையிலிருந்து வாங்கி, மீனை அவன் இலையில் திரும்பக் கொட்டிவிட்டு, போசியைக் கழுவி, அவளிடமே கொடுத்தேன். கழுவித்தான் கொடுத்தேன் தம்பி. தூக்கி எறியவில்லை, அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அவள் அழவும் இல்லை. போசிக்குள் பார்த்தாள். அப்புறம் அதில் நத்தை ஓடுகளைப் போட்டு மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

இதற்காக தனம் ஒரு வருஷமாக என் வாசற்படி ஏறவில்லை. அவள் இருக்கிற பெருந்துறை என்ன தூர தேசமா? அரை மணி நேரத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை. பாவாயி மட்டும் போய் வருவாள். வந்து, பிள்ளை ஸ்கூல் போகிறது, முன்பல் விழுந்துவிட்டது என்று என் காதுபடச் சுவரிடம் சொல்வாள். ஒரு கூறு மீனுக்காகப் பெற்ற அப்பனை ஒதுக்கி வைக்கிற உலகம் இது. மனசில் இவ்வளவு வன்மம் எங்கே இருந்துதான் வந்ததோ அந்தப் பெண்ணுக்கு. என்னிடமிருந்து இல்லை. நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

உங்கள் தக்கை ஆடுகிறது பாருங்கள். இழுக்காதீர்கள், முங்கட்டும். முங்கட்டும்... இப்போது! ஆஹா, கெண்டை. சின்னதுதான். பரவாயில்லை, என் வாளியிலேயே போடுங்கள். இதுவரை நான் பிடித்ததும் அதில்தான் கிடக்கிறது.

மணி என்ன இருக்கும்? வெயில் ஏறுகிறதே. பிள்ளைகளைக் கிளப்புவது என்ன லேசான வேலையா? ஒன்றுக்குத் தலை சீவினால் ஒன்று ஓடிவிடும்.

இந்த வருஷம் போவது பற்றிப் பேச வேலு வீட்டு மொட்டை மாடியில் எல்லோரும் கூடினோம். நான் போகவே கூடாது என்றுதான் இருந்தேன். அவன் மருமகள் வந்து, "வாங்க பெரிய மாமா, நீங்க இல்லாம என்னத்தப் பேசறது?" என்று கூப்பிட்டாள். மரியாதை தெரிந்த பெண். சரி என்று போய் உட்கார்ந்தேன். விடிகாலையில் கிளம்ப வேண்டும், புழு இத்தனை வேண்டும், யார் யாருக்கு எந்தக் கல் என்று எல்லாம் நான்தான் சொன்னேன். ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. வேலு தனத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். முதலில் எடுத்தது பிள்ளை.

"சின்ன அப்புச்சி, எனக்குப் பல்லு மொளச்சிருச்சு!"

"அப்படியா தங்கம்! மீன் புடிக்கப் போலாமா?"

அவள் மெதுவாகக் கேட்டாள். "அங்க அப்புச்சி இருக்காங்களா?"

"இருக்கறேன் கண்ணு," என்றேன் நான்.

"அப்புச்சி, இந்த வாட்டி எனக்குக் கூறு உண்டுங்களா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். வேலு பார்த்தான், அவன் மருமகள் பார்த்தாள், பாவாயி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு பார்த்தாள். உண்டு என்று சொல்லு, சொல்லு என்று அவள் தலை ஆடியது.

"தூண்டில் புடிச்சா உண்டு கண்ணு," என்றேன்.

நான் என்ன தப்பாகச் சொன்னேன்? உண்டு என்றுதானே சொன்னேன்! களி உருண்டை செய்வது, நானே குத்திக் கொடுப்பது, ரோஸ் தக்கை, எல்லாம் அப்போதே என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வார்த்தை அதைத்தான் சொல்ல வந்தேன். அதற்குள் தனம் போனை வாங்கிவிட்டாள். "சித்தப்பா, வெக்கறேன்," என்றாள். என்னிடம் இல்லை, அவனிடம். வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலு வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான்.

"அண்ணா, இந்த வருசம் அணைக்குப் போலாமுங்கண்ணா. அங்கயே தூண்டில் குடுக்கறாங்க. புடிச்ச மீன அங்கயே வறுத்துக் குடுக்கறாங்க. எல்லாரும் ஒரே தட்டத்துல எடுத்துச் சாப்புட்டுக்கலாம். தனமும் வர்றேங்குது. வேன் பேசியாச்சு. முன்சீட்டு உங்களுக்குத்தான். கூறு மட்டும் வேண்டாமுங்கண்ணா."

பார்த்தீர்களா? கூறு மட்டும் வேண்டாமாம். எனக்கு வேனில் இடம் உண்டு, கூறுக்கு இடம் இல்லை. ஒரே தட்டம் என்றால், எவன் எத்தனை தின்றான் என்று யார் பார்ப்பது? கை நீளமானவன் தின்பான், சின்னது ஓரத்தில் நிற்கும். தொட்டிலில் கிடந்தவனைத் தூக்கி வளர்த்தது நான். அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தது நான். அவன் எனக்கு முன்சீட்டு கொடுக்கிறான்!

"உன்ற வேனும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்," என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதோடு விடவில்லை. பால்காரன் சென்னியப்பனிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாலத்தடி மடுவில் எப்போதும் போல மீன்பிடிப்பு, தூண்டில் எல்லாம் நான் கட்டி வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் வரட்டும் என்று.

"வராதவங்களுக்கு என்னங்ணா சொல்றது?" என்றான்.

"வராதவங்க என்ற எழவுக்கும் வர வேண்டாம்னு சொல்லு."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். அதைப் போய் அப்படியே சொல்வானா? சொல்லியிருக்க மாட்டான்.

காலையில் இருட்டோடு நான் கிளம்பும்போது பாவாயி தலை குளித்துவிட்டு நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். "நெசமாவே மடுவுக்குத்தான் போறீங்களா?" என்றாள். "பின்னே எங்க போறது?" என்றேன். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலீங்க," என்றாள். நான் தூண்டில் கட்டைத் தோளில் வைத்தேன். "சரி, வெயிலுக்குத் துண்டு எடுத்துக்கோங்க," என்று துண்டைப் போட்டுவிட்டு இந்தப் போசியைக் கையில் கொடுத்தாள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பின்னால் வருவாள். மீன் பிடிக்க எதற்கு நல்ல சேலை என்று நினைத்தேன். மகளைப் பார்க்கப் போகிறாள், கட்டட்டும்.

வண்டிச் சத்தம் கேட்கிறதா? கேட்கிறது, இல்லையா? நான் சொன்னேனே! இந்த வாளியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்துங்கள், பிள்ளைகள் ஓடி வந்தால் தட்டிவிடும்.

ஓ. சென்னியப்பனா.

"என்னடா, சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வர்றியா?"

"ஆமாங்ணா. நீங்க என்ன இங்க உக்காந்துட்டீங்க? வேனு அப்பவே போயிருச்சுங்களே!"

"எந்த வேனு?"

"உங்க தம்பி பேசுன வேனுங்ணா. நம்ம டீக்கடை முன்னால நின்னுச்சு. தனம் புள்ளைங்களக் கூட்டிட்டு பஸ்ல வந்து எறங்குச்சு, ஏறிருச்சு. ஒரே ஆட்டம் பாட்டம். அக்கா முன்சீட்டுல குண்டாவ மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்துக் கைகூடக் காட்டுனாங்க."

"எந்த அக்கா?"

"எந்த அக்காவா? நம்ம அக்காதாங்ணா. பாவாயக்கா. நீங்களும் உள்ள இருக்கறீங்கன்னு நெனச்சேனுங்ணா. சரிங்ணா, காலிக் கேனக் கழுவோணும், நான் வர்றேன்."

போகட்டும் தம்பி. அவன் ஒரு புளுகன். பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன் பேச்சில் ஊற்ற மாட்டானா?

குண்டாவை மடியில் வைத்துக்கொண்டு என்றானா?

முன்சீட்டில் என்றானா?

இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டாம். நீங்கள் உங்கள் தூண்டிலைப் பாருங்கள். வந்த வேலையை முடிக்க வேண்டும் அல்லவா. இந்தத் தூண்டில்களைச் சும்மா சாத்தி வைத்திருந்தால் எப்படி? ஒவ்வொன்றாகப் போடுகிறேன். இது கவினுக்கு. இது இரண்டும் வேலுவின் பேரன்களுக்கு. இது அவன் பேத்திக்கு. இந்த ரோஸ் தக்கைக்குக் களி குத்த வேண்டும். காய்ந்துவிட்டது. கொஞ்சம் எச்சில் தொட்டால் சரியாகிவிடும். அந்தக் கல் ஓரத்தில் போட்டால் நிழல் இருக்கும், ஜிலேபி அங்கேதான் நிற்கும். போட்டாயிற்று.

வேறு பிள்ளைகளாக இருந்தால் நடுவழியில் வேனை நிறுத்தி, அப்புச்சி எங்கே என்று கேட்டிருக்கும். இவையும் கேட்டிருக்கும். பெரியவர்கள் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள்.

தம்பி! ரோஸ் தக்கை! முங்குகிறது பாருங்கள், முங்குகிறது! நீங்கள் தொடாதீர்கள், அது அவளுடையது. புடி கண்ணு, கெட்டியாப் புடி, குச்சியை உடாதே... வந்துவிட்டது. பார்த்தீர்களா? ஜிலேபி. உள்ளங்கை அகலம். இன்று இந்த மடுவில் விழுந்ததிலேயே பெரிசு இதுதான். நீங்களே சாட்சி. ரோஸ் தக்கைத் தூண்டிலில்தான் விழுந்தது. அவள் தூண்டில் தண்ணீரில் கிடந்தது, மீனும் பிடித்தது. இனிமேல் ஒருத்தரும் ஒன்றும் சொல்ல முடியாது. சட்டப்படி அவளுக்குக் கூறு உண்டு.

இந்த இலையை விரியுங்கள். வாளியைக் கவிழ்க்கிறேன். அதிகம் இல்லை, பொடிசுதான், ஆனாலும் வைக்கலாம். பிள்ளைகளுக்கு ஐந்து. உங்களுக்கு ஒன்று, நீங்களும் தூண்டில் பிடித்தீர்கள் அல்லவா. எனக்கு வேண்டாம். நான் மீன் சாப்பிடுவதை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. இது கொஞ்சம் குறைகிறதோ? ஒரு கெண்டையை இதில் மாற்றுகிறேன். இப்போது சரி.

ஒரு உதவி செய்யுங்கள் தம்பி. எழுந்து, அப்படித் திரும்பி நில்லுங்கள். முதுகு இந்தப் பக்கம். சின்னப் பிள்ளைதான் நிற்க வேண்டும், ஆனால் இங்கே இருப்பதில் நீங்கள்தான் சின்னவர். நான் குச்சியால் தொட்டுக் கேட்பேன், நீங்கள் பெயர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இது யாருக்கு?

யாழினிக்கு. நல்லது. வைத்துவிட்டேன்.

இது யாருக்கு?

அவளுக்குத்தான் முதலிலேயே சொல்லிவிட்டீர்களே. மற்ற பெயர்கள் ஞாபகம் இல்லையா? நானும் அவள் பெயரைத்தான் அதிகம் சொன்னேன் போலிருக்கிறது. பரவாயில்லை. யாழினிக்கே இருக்கட்டும். வைத்துவிட்டேன்.

இது?

சத்தமாகச் சொல்லுங்கள் தம்பி, அவள் சத்தமாகத்தான் சொல்வாள்.

சரி. அதுவும் அவளுக்கே. திரும்பக் கூடாது, திரும்பக் கூடாது. என்னைப் பார்க்காதீர்கள். இலை காலியாகும் வரை திரும்பக் கூடாது, அதுதான் முறை. இன்னும் இருக்கிறது.

இது யாருக்கு?